சிந்திக்கும் காலத்துக்குக் கூலி

கண்டி நகரிலிருந்து வத்தேகம வழியாக ஏறிச் செல்லும் பாதை பன்விலையை அடைந்து, அப்பால் மடுல்கலையின் தேயிலைச் சரிவுகளுக்குள் நுழைகிறது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் மேகத்துள் மறைந்தும் வெளிப்பட்டும் நிற்கிறது. இச்சரிவுகளின் அழகைப் பாடியவர் பலர். இங்கு உழைப்போரின் துயரை எழுதியவரும் உளர். விஞ்ஞானத்தின் வரலாற்றிலும் இம்மலைகளுக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்று சொன்னால் நம்புவோர் சிலராகவே இருப்பர். அந்த அத்தியாயத்தையே இங்கு எடுத்து நோக்க விரும்புகிறோம்.

நாம் பேசப்போவது கோட்பாட்டு உயிர்ப்பௌதிகம் என்னும் துறையைப் பற்றி. குறிப்பாக, அத்துறையில் ஓர் இளைஞன் அல்லது யுவதி கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர் ஆய்வைத் தொடர்வதற்குக் கிடைக்கும் வாய்ப்பைப் பற்றி. பெயரைக் கேட்டு வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. உயிருள்ளவற்றின் செயலைப் பௌதிக விதிகளாலும் கணிதத்தாலும் விளங்கிக்கொள்ள முயல்வதே அத்துறை. புரதம் என்னும் நீண்ட சங்கிலி எவ்வாறு தன்னைத்தானே மடித்துக்கொண்டு ஒரு வடிவம் பெறுகிறது, ஓர் உயிரணு எவ்வாறு இரண்டாகப் பிரிகிறது, ஒரு தொற்றுநோய் எவ்வேகத்தில் ஊரைச் சூழ்கிறது என்பன போன்ற வினாக்களுக்கு அது விடை தேடுகிறது. அதன் கருவிகள் தாளும் பென்சிலும், இக்காலத்தில் கணினியும். ஆகவே அது ஏழை நாடுகளுக்கு ஏற்ற மலிவான விஞ்ஞானம் என்று சொல்வார்கள்.

இக்கூற்றில் பாதியே உண்மை. தாள் மலிவுதான், பென்சிலும் மலிவுதான். ஆனால் அத்துறைக்கு மற்றொரு மூலப்பொருள் வேண்டும். அது காலம். கற்பிக்கும் சுமையும் குடும்பத்தின் பசியும் அழுத்தாத இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். பட்டம் பெறும்வரை ஆசிரியரின் வினாவையே தன் வினாவாகக் கொண்டிருந்தவர், முதன்முறையாகத் தமக்கென ஒரு வினாவைக் கண்டெடுக்கும் காலம் அதுவே. இன்று உலகெங்கும் பின்கலாநிதி ஆய்வுப் பதவி என வழங்குவது இதைத்தான். அந்தக் காலத்துக்கான கூலியை யார் கொடுக்கிறார்கள்? யாருக்குக் கொடுக்கிறார்கள்? எந்த வினாவுக்காகக் கொடுக்கிறார்கள்? வரலாற்றை நோக்கி நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இவையே.

முதற் காட்சி கோப்பிக் காலத்தைச் சேர்ந்தது. தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்டது கோப்பி. தும்பறைப் பள்ளத்தாக்கும் நக்கிள்ஸ் சரிவுகளும் காடழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. அறுவடைக் காலத்தில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காடு வழியே நடந்து வந்தனர். வழியில் மாண்டோரின் எலும்புகளே அப்பாதைக்கு மைல்கற்களாயின எனலாம். 1869ஆம் ஆண்டு கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படர்ந்திருப்பது இலங்கையில் கவனிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அந்நோய் தோட்டந்தோட்டமாகப் பரவி, ஒரு முழுப் பொருளாதாரத்தையே ஆட்டம்காணச் செய்தது.

1880ஆம் ஆண்டு, இந்நோயை ஆராய்வதற்கென அரசாங்கச் சம்பளத்தில் இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞர் அனுப்பப்பட்டார். ஹாரி மார்ஷல் வார்ட் என்பது அவர் பெயர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றிருந்தார். இன்றைய பொருளிலான கலாநிதிப் பட்டம் கேம்பிரிட்ஜில் அக்காலத்தில் வழங்கப்படவில்லை. எனினும் அவருக்குக் கிடைத்த அந்த இரண்டாண்டுப் பணியை, கண்டி மலைநாட்டின் முதலாவது பின்பட்ட ஆய்வுப் பதவி என்று கூறுதல் பொருந்தும். பேராதனைத் தாவரப் பூங்காவைத் தளமாகக் கொண்டு அவர் உழைத்தார். பசைப்பொருள் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்துக் காற்றில் வைத்து, அவற்றில் வந்து ஒட்டிய பூஞ்சை வித்துக்களை நுண்காட்டியில் பார்த்தார். வித்து காற்றில் மிதந்து வருகிறது. ஈரமான இலைமேல் முளைக்கிறது. இலையின் நுண்துளை வழியே உள்ளே புகுகிறது. இவ்வுண்மைகளை அவர் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார். மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு அகன்ற வாசலைத் திறந்துவிட்டது என்பதையும் அவர் கண்டார்.

காற்று, நீர்த்துளி, வித்து ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்துச் சிந்தித்த அந்தச் சிந்தனையிலே, பிற்காலத்து உயிர்ப்பௌதிகத்தின் ஒரு கரு இருந்தது. கோப்பியை அது காப்பாற்றவில்லை. இலாபத்துக்காக நடப்பட்ட ஒற்றைப் பயிரைக் கைவிடும்படி எந்த நுண்காட்டியாலும் தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது. 1882இல் வார்ட் திரும்பிச் சென்றார். அங்கு மான்செஸ்டரில் ஆய்வு உபகாரச் சம்பளமும், பின்னர் பேராசிரியப் பதவிகளும், 1895இல் கேம்பிரிட்ஜின் தாவரவியற் பேராசிரியர் நாற்காலியும் அவருக்குக் கிடைத்தன. இரண்டாண்டுச் சிந்தனைக் காலம் ஒரு மனிதனை எங்குக் கொண்டுசேர்க்கும் என்பதற்கு இது சான்று.

ஆனால் அந்தக் கோப்பிச் செடிகளுக்கிடையே நின்ற மற்றவர்களின் கதை என்ன? தோட்டங்கள் முறிந்தபோது அவர்களது கூலி மாதக்கணக்கில் நிலுவையாயிற்று. கோப்பி இருந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே வந்துபோய்க்கொண்டிருந்த மக்கள் லயங்களில் நிலையாகக் குடியேற்றப்பட்டனர். வித்து எவ்வாறு பரவுகிறது என்று கேட்க அரசாங்கத்திடம் பணம் இருந்தது. அவ்வித்தைக் கையால் தொட்டவர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின் தலைமேல் வைத்தது. கடமை காகிதத்தில் இருந்தது. பள்ளிக்கூடமோ பெரும்பாலும் ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில வகுப்புகள் என்ற அளவில் நின்றது. கொழுந்து பறிக்கும் கைகள் குறைந்துவிடக்கூடாது என்பதே நிர்வாகத்தின் கல்விக் கொள்கையாக இருந்தது.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் கிராமங்களைத் தட்டி எழுப்பிய மகத்தான சீர்திருத்தம் அது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆயினும் அந்த வெளிச்சம் தோட்ட எல்லையில் வந்து நின்றுவிட்டது. தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களின் காலடி நிலத்தையே பறித்தது. சுதந்திரம் பெற்ற நாடு, தன் ஏற்றுமதிச் செல்வத்தை ஈட்டித் தந்தவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தபோது, அவ்வெழில்மிகு கட்டடங்கள் பன்விலையிலிருந்து ஒரு காலைப் பொழுதுப் பயணத்தில் எட்டக்கூடியனவாக இருந்தன. எனினும் ஐந்தாம் வகுப்போடு வாசல் மூடப்பட்ட பிள்ளைக்கு அந்தத் தூரம் எத்தனை மைல்?

அதே 1952ஆம் ஆண்டிலே, பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறொரு காட்சி தொடங்கிற்று. அதனை நாம் சற்று விரிவாகவே காணவேண்டும். ஏனெனில் ஏழை நாடொன்றில் கோட்பாட்டு உயிர்ப்பௌதிகம் தழைக்கக்கூடுமா என்ற வினாவுக்கு அங்குத்தான் விடை கிடைத்தது.

கோ. நா. இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்றவர். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின்னர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று இரண்டாண்டுகள் ஆராய்ந்து, 1949இல் திரும்பினார். பட்டத்துக்குப் பின் கிடைத்த இந்த இரண்டாண்டுகளையும் வாசகர் குறித்துக்கொள்க. 1952இல், முப்பது வயதளவில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக அழைக்கப்பட்டார். துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் அத்துறைக்குத் துணை நின்றார்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்திருந்தார் ஜே. டி. பெர்னால். விஞ்ஞானத்தின் சமுதாயக் கடமையைப் பற்றி 1939இல் நூல் எழுதிய பொதுவுடைமையாளர் என்பதால், நம் வாசகருக்கு அப்பெயர் புதிதன்று. அவருடன் உரையாடியபோதுதான் கொலாஜன் என்னும் புரதத்தின் கட்டமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்ற செய்தி இராமச்சந்திரனின் கவனத்தில் தைத்தது. கொலாஜன் நம் தோலிலும் தசைநாணிலும் எலும்பிலும் உள்ள பொருள். தோல் பதனிடும் தொழிலாளி தினமும் கையாள்வது அதனைத்தான். ஆய்வுக்கு வேண்டிய மாதிரிகளுக்கு நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. அண்டையிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே கங்காருவின் வால் நார் கிடைத்தது. இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து இராமச்சந்திரன் அந்நாரின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவிச் சுற்றிய முப்புரியே கொலாஜன் என்ற கருத்தை இருவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அதனை மேலும் திருத்தினர்.

எந்தத் தொழிலைத் தீட்டு என்று கூறி நம் சமுதாயம் ஒரு மக்கட் பகுதியை ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்ததோ, அத்தொழிலின் மூலப்பொருளிலிருந்தே இந்திய விஞ்ஞானத்தின் ஒளிமிகு கண்டுபிடிப்புக்களில் ஒன்று பிறந்தது. தோலைத் தொட்ட கை தாழ்ந்தது என்றும், அதே தோலின் அணுக்களைக் கணித்த கை உயர்ந்தது என்றும் சொல்லும் சமுதாயம் எத்தகைய முரண்பாட்டில் வாழ்கிறது!

கேம்பிரிட்ஜிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் வேறொரு திருத்தத்தை முன்வைத்து, சென்னை உருவமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று சுட்டினர். வசதி மிகுந்த ஆய்வுகூடத்தின் விமர்சனத்துக்கு வசதி குறைந்த ஆய்வுகூடம் எவ்வாறு விடையளித்தது? பொறுமையால் விடையளித்தது. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த பளிங்குக் கட்டமைப்புக்களை எல்லாம் சென்னைக் குழுவினர் வரிசையாகப் பார்த்து அளவுகளைத் தொகுத்தனர். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருகுகோணங்கள் உண்டு. அவ்விரு கோணங்களும் எந்தெந்த அளவில் இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும்? மேசைக் கணக்குப்பொறியைக் கொண்டு கோணம் கோணமாகக் கணித்தனர். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்குகிறது. ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டோம் என்று எவர் அறிவித்தாலும், அது சரியா என்று சோதிப்பதற்கு இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அதில் இரண்டு வகைப் பிரதேசங்கள் உள்ளன: அனுமதிக்கப்பட்டவை, அனுமதிக்கப்படாதவை. தாளின் பெரும்பகுதி தடுக்கப்பட்ட பிரதேசமே. சிறு தீவுகள் போன்ற சில இடங்களில் மட்டுமே சங்கிலி நிற்க முடியும். இதனை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மீண்டும் இதனிடம் வருவோம்.

சென்னை நமக்குக் கற்பிப்பது யாது? மேதை ஒருவர் இருந்தார் என்பது மட்டுமன்று. மேதைகள் எங்கும் பிறக்கிறார்கள். பலர் முளையிலேயே கருகுகிறார்கள். சென்னையில் ஒரு பொதுப் பல்கலைக்கழகம் இருந்தது. உபகாரச் சம்பளம் பெற்ற இளம் ஆய்வாளர்கள் இருந்தனர். விளைவு உடனே வேண்டும் என்று நச்சரிக்காத நிர்வாகம் இருந்தது. 1963இலும் 1967இலும் அங்கு நடந்த சர்வதேசக் கருத்தரங்குகளுக்கு மேலைநாட்டு அறிஞர்கள் தேடி வந்தனர். 1962இல் அதே நகரில் அல்லாடி இராமகிருஷ்ணனின் முயற்சியால் கணித விஞ்ஞான நிறுவனமும் தோன்றிற்று. பொதுப் பணத்தால் சிந்தனைக்குக் கூலி கொடுக்கலாம் என்பதை அந்நகரம் நிரூபித்தது.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. கொலாஜனின் முப்புரியை அவிழ்த்த கர்த்தா அமெரிக்கா சென்றார். பஃபலோ நகரத்து ரோஸ்வெல் பார்க் நிலையத்தில் அவர் தம் துணைவருடன் ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் கட்டமைப்பை 1967இல் கண்டறிந்தார். அந்தப் புகழ் அமெரிக்க நிலையத்தின் புகழாயிற்று. இராமச்சந்திரனும் 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைவிட்டு நீங்கினார். அடுத்த ஆண்டு பெங்களூரின் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். ஆதரவு தளரும் இடத்தில் அறிஞர் தங்குவதில்லை. பத்து ஆண்டுகள் வளர்த்த மரத்தை ஒரு கோடையில் வாடவிடலாம்.

அவ்வாண்டுகளில் மலைநாட்டில் நடந்தது என்ன? சென்னையில் வரைபடம் வெளியானதற்கு மறு ஆண்டு, 1964 ஒக்டோபரில், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்ற மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரண்டு அரசாங்கங்கள் கணக்குப் பார்த்தன. அந்த மக்களிடம் எவரும் கேட்கவில்லை. தலைமுறைகளாக இம்மண்ணில் உழைத்தவர்கள் தகரப் பெட்டியோடு தலைமன்னார்த் துறைக்கு ரயிலேறினர். பிள்ளைகளின் படிப்பு நடுவில் அறுந்தது. ஒரு கரையில் மனிதன் அணுவின் இடைவெளியைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தான். மறு கரையில் மனிதர்களையே மூட்டைகளாக எண்ணிப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர்.

மூன்றாவது காட்சி அதே நீரிணையை வேறு விதமாகக் கடந்த ஒருவரைப் பற்றியது. சிரில் பொன்னம்பெரும காலியில் 1923இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948இல் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனுக்குச் சென்று பர்க்பெக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். பகலில் உழைப்போருக்கு மாலையில் கற்பிப்பதற்கென்று வளர்ந்த கல்லூரி அது. அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர் யார் தெரியுமா? சென்னையில் இராமச்சந்திரனின் சிந்தனையைத் தூண்டிய அதே பெர்னால்! உயிர் எவ்வாறு தோன்றிற்று என்ற வினாவை அவரிடமிருந்தே பொன்னம்பெரும பெற்றுக்கொண்டார். அமெரிக்காவின் பெர்க்லியில் மெல்வின் கால்வினிடம் ஆராய்ந்து 1962இல் கலாநிதியானார். உடனே அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது: நாசாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பின்கலாநிதி ஆய்வுப் பதவி.

அந்தச் சில மாதங்கள் அவரது வாழ்வைத் திருப்பின. 1963இல் கார்ல் சேகன், ரூத் மரினர் ஆகியோருடன் சேர்ந்து, உயிரணுக்களின் சக்திப் பணமாகிய ஏ.டி.பி. என்னும் சேர்மம் ஆதிப் பூமியின் சூழலை ஒத்த நிலையில் உருவாகக்கூடும் என்று காட்டினார். பின்னர் அந்நிலையத்திலேயே இரசாயனப் பரிணாமப் பிரிவுக்குத் தலைவரானார். அப்பொல்லோ கொணர்ந்த சந்திர மண் அவரது ஆய்வுகூடத்துக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் உண்டு என்று 1970இல் அறிவித்த குழுவிலும் அவர் இருந்தார்.

இங்கு ஓர் உண்மையை மறைக்கலாகாது. அந்தக் காலத்துக்குக் கூலி கொடுத்தது எது? விண்வெளிப் போட்டி. சோவியத் ஸ்புட்னிக் 1957இல் வானில் ஏறியிராவிட்டால், அமெரிக்க அரசாங்கம் உயிரின் தோற்றத்தைப் பற்றிச் சிந்திக்க இத்தனை பணத்தை ஒதுக்கியிருக்குமா என்பது ஐயமே. கோப்பி முதலாளியின் நட்டம் வார்டுக்குக் காலம் தந்தது. வல்லரசுகளின் போட்டி பொன்னம்பெருமவுக்குக் காலம் தந்தது. தூய சிந்தனை என்று நாம் வணங்குவதன் அடியிலும் ஒரு பொருளாதாரம் ஓடுகிறது. அதனால் சிந்தனையின் உண்மை குறைந்துவிடாது. ஆனால் கூலி கொடுப்பவனின் தேவை மாறும்போது ஆய்வாளனின் நாற்காலியும் ஆடும் என்பதை மறக்கக்கூடாது.

1981இல் ஒரு சட்டத்தினால் இலங்கையில் அடிப்படை ஆய்வுக்கென ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. இன்று அது கண்டியின் ஹந்தான மலைச்சாரலில் இருக்கிறது. 1984இல் பொன்னம்பெரும அதன் பணிப்பாளரானார். உலகறிந்த அறிஞர் ஒருவர் தாய்நாட்டின் இளைஞர்களுக்குச் சிந்திக்கும் காலத்தை இந்த மண்ணிலேயே தர வந்தார் என்பது பெருமைக்குரியது. ஆனால் எந்த ஆண்டில் வந்தார்? 1983 ஜூலையின் தீ அணைந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத காலத்தில்! அந்தத் தீயிலும் அதன்பின் வந்த போரிலும் நாட்டைவிட்டு நீங்கிய தமிழ் ஆசிரியர்களும் மாணவர்களும் எத்தனையோ பேர். அதற்கு முன்னரே, 1970களின் மொழிவாரித் தரப்படுத்தல் பலருக்குப் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கியிருந்தது. நிறுவனம் எழுந்தது, அதன் நாற்காலிகளில் அமரவேண்டியவர்களில் ஒரு பகுதியினர் கப்பலிலும் விமானத்திலும் போய்க்கொண்டிருந்தனர்.

நிற்க. இன்றைய நிலையை நோக்குவோம். இத்துறையில் கதவுகள் முன்னெப்போதையும்விட அதிகம் திறந்துள்ளன. ஏழை நாடுகளின் விஞ்ஞானி தனிமையில் வாடக்கூடாது என்ற எண்ணத்தோடு அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் ட்ரியஸ்ட்டில் தொடங்கிய சர்வதேசக் கோட்பாட்டுப் பௌதிக மையம், உயிரியலைக் கணித முறையில் ஆராயும் பிரிவொன்றையும் இப்போது நடத்துகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள மாக்ஸ் பிளாங் நிறுவனம், அமெரிக்காவில் சான் டியாகோவில் தோன்றி 2011இல் ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்த கோட்பாட்டு உயிர்ப்பௌதிக மையம், சென்னையின் கணித விஞ்ஞான நிறுவனம், பெங்களூரின் தேசிய உயிரியல் விஞ்ஞான மையம் முதலியன இத்துறையில் பின்கலாநிதி ஆய்வாளரை அமர்த்துவன. இவற்றுக்கு விண்ணப்பிக்கும் முறை இரகசியமன்று. செய்த ஆய்வைப் பற்றிய சுருக்கம், செய்ய விரும்பும் ஆய்வைப் பற்றிய குறிப்பு, அறிந்த பேராசிரியர் இருவர் மூவரின் சிபாரிசுக் கடிதம் ஆகியவையே பொதுவாகக் கேட்கப்படுவன. பௌதிகம் பயின்றவரும் கணிதம் பயின்றவரும் உயிரியல் பயின்றவரும் ஒருங்கே வரலாம் என்பது இத்துறையின் தனிச்சிறப்பு.

ஆனால் இதனையும் நாம் புகழ்மாலையாகப் பாடப்போவதில்லை. இப்பதவிகள் தற்காலிகமானவை. இரண்டாண்டு முடிந்ததும் அடுத்த நாடு, அடுத்த ஒப்பந்தம், அடுத்த விசா. முப்பத்தைந்து வயதிலும் நிலையான வேலையின்றி ஊர் ஊராகச் செல்லும் அறிவுத் தொழிலாளர் வகுப்பொன்று உலகெங்கும் உருவாகியிருக்கிறது. பருவகாலத்துக்கு வந்து போன கோப்பிக் கூலியின் வாழ்வையும் இவர்களது வாழ்வையும் ஒன்றாக்கிப் பேசுவது பெரும் மிகை. அந்தப் பசியையும் அந்தச் சாவையும் நாம் மலிவாக்கமாட்டோம். ஆயினும் உழைப்பு எவ்வகையதாயினும், அதனைப் பருவத்துக்கு வாங்கிப் பருவம் முடிந்ததும் கைவிடும் வழக்கம் ஒன்றேதான். சிபாரிசுக் கடிதம் என்ற எளிய நிபந்தனைக்குள்ளும் ஒரு வேலி இருக்கிறது. உலகறிந்த பேராசிரியரை அறிந்தவனுக்கே உலகறிந்த பேராசிரியர் எழுதுவார்.

இனி, பன்விலைக்குத் திரும்புவோம். தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன. நாடற்ற நிலைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவு முடிவு கட்டியது. இவை தாமாக வந்தவை அல்ல. தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் நடத்திய நெடிய போராட்டங்களின் பலன்கள். லயத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும் பட்டதாரிகளாகவும் விரிவுரையாளர்களாகவும் உயர்ந்திருக்கிறார்கள். அந்த உயர்வின் ஒவ்வொரு படியும் ஒரு தாயின் கொழுந்துக் கூடையால் கட்டப்பட்டது.

எனினும் தேயிலைச் சரிவில் வளரும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். கணிதத்தில் அவளுக்கு விருப்பம் உண்டு. உயர்தரத்தில் பௌதிகமும் இணைந்த கணிதமும் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர் அவள் பாடசாலையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் புகுந்ததும் ஆங்கிலம் என்னும் ஆற்றைக் கடக்க வேண்டும். பட்டம் பெற்றதும் வீட்டுக்கு உழைக்கவேண்டிய கடமையை ஒத்திவைக்க வேண்டும். கலாநிதிப் பட்டம்வரை ஐந்தாறு ஆண்டுகள். அதன்பின்னரே நாம் இதுவரை பேசிய பின்கலாநிதி வாய்ப்பு. ஒவ்வொரு படியிலும் ஒரு தடை நிற்கிறது. இந்தத் தடைகளைக் கடந்து வருபவளை மேதை என்று பாராட்டுவோம். கடக்க முடியாதவர்களை எவரும் எண்ணுவதில்லை.

ஆகவே பின்கலாநிதி வாய்ப்பு ட்ரியஸ்ட்டிலோ டிரெஸ்டனிலோ தொடங்குவதில்லை. பன்விலையில் ஒரு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. அங்கு விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை நியமிக்கும் கல்வி அதிகாரியின் கையெழுத்து, பேராசிரியரின் சிபாரிசுக் கடிதத்துக்கும் முற்பட்ட சிபாரிசுக் கடிதம். ஹந்தானயின் ஆய்வு நிலையமும் பேராதனையின் விஞ்ஞான பீடமும் தம் வாசலைத் தோட்டப் பாடசாலை மாணவருக்குத் திறந்துவைப்பது தயவன்று, நெடுங்காலக் கடன். பட்டதாரி மாணவருக்கு அவர் குடும்பமும் வாழத்தக்க உபகாரச் சம்பளம் அளிப்பது ஆடம்பரமன்று. அதுவே ஆய்வின் மூலதனம். நம் ஆசிரியர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வகுப்பறையில் இராமச்சந்திரனின் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். மேசைக் கணக்குப்பொறியும் பொறுமையும் கொண்டு, தோல் நாரிலிருந்து தொடங்கி, உலகம் ஒப்புக்கொள்ளும் உண்மையை நம்மவர் கண்ட கதையைத் தமிழிலே சொல்லுங்கள். தம்மாலும் முடியும் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றினால் அதுவே முதல் வெற்றி.

அந்த வரைபடத்திடம் மீண்டும் வருவோம் என்று சொன்னோம். அதில் தடுக்கப்பட்ட பிரதேசங்களைத் தடுத்தது இயற்கை. இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் நிற்க முடியாது. எந்தப் பாராளுமன்றமும் அதை மாற்ற முடியாது. மனித வாழ்விலும் அத்தகைய ஒரு வரைபடம் உண்டு. இன்னாருக்கு இவ்விடம் அனுமதி, இன்னாருக்கு இவ்விடம் தடை என்று கோடு கிழித்த வரைபடம் அது. ஆனால் அந்தக் கோடுகளை இயற்கை கிழிக்கவில்லை. கட்டளைச் சட்டங்களும் ஒப்பந்தங்களும் கூலிக் கணக்குகளும் கிழித்தன. 1948இல் எழுதப்பட்டதை 2003இல் திருத்த முடிந்தது என்றால், எஞ்சிய கோடுகளும் அழியக்கூடியனவே. இயற்கையின் தடையை அறிந்துகொள்வது விஞ்ஞானியின் வேலை. மனிதன் இட்ட தடையை அகற்றுவது நம் எல்லோருடைய வேலை.